வரப்பில் நின்றுவிடும் அதிகாரம்: 1968 பூச்சிக்கொல்லிச் சட்டத்தில் ஆய்வாளரின் நுழைவு, சோதனை, மாதிரி எடுத்தல்

ஆய்வுச்சுருக்கம்

இந்தியாவில் பூச்சிக்கொல்லிகளின் இறக்குமதி, உற்பத்தி, விற்பனை, போக்குவரத்து, பகிர்வு, பயன்பாடு ஆகியவற்றை 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டமும் அதன்கீழ் வகுக்கப்பட்ட 1971-ஆம் ஆண்டு விதிகளும் ஒழுங்குபடுத்துகின்றன. இச்சட்டம் பூச்சிக்கொல்லி ஆய்வாளருக்கு வழங்கும் அதிகாரங்கள் எழுத்தளவில் மிக விரிந்தவை. ஆயினும் பிரிவு 38 தரும் விலக்கினால் அவ்வதிகாரங்கள் உழவரின் நிலத்தையும் வீட்டையும் எட்டுவதில்லை. சட்டத்தின் சொற்களை ஒன்றோடொன்று பொருத்திப் படித்து, இவ்விலக்கின் விளைவுகளையும், மாதிரி ஆய்வு தொடர்பான வழக்குகளில் காலத்தாழ்வு உண்டாக்கும் சிக்கலையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பூச்சிக்கொல்லிச் சட்டம், ஆய்வாளர், வளாகம், மாதிரி, சேமிப்பு, பிரிவு 38, வேளாண் தொழிலாளர்.

முன்னுரை

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பூச்சிக்கொல்லியை எவரும் அப்பெயரால் குறிப்பதில்லை. ‘மருந்து’ என்பதே வழக்கு, தெளிப்பது ‘மருந்தடித்தல்’, விற்குமிடம் ‘மருந்துக்கடை’. சட்டமோ அப்பொருளை நஞ்சாகவே பார்க்கிறது. மனிதர்க்கும் விலங்குகளுக்கும் நேரக்கூடிய இடரைத் தடுப்பதே தன் நோக்கம் என்று சட்டத்தின் முகப்புரை கூறுகிறது. விதிகளின்படி ஒவ்வொரு கலனின் சிட்டையிலும் சாய்சதுரக் குறி இடம்பெற வேண்டும். அதன் கீழ்ப்பாதியில் நச்சுத்தன்மையின் அளவுக்கேற்பச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை ஆகிய நிறங்களுள் ஒன்று அமைய வேண்டும். சிவப்பு மிகக் கொடியது; பச்சை ஒப்பளவில் குறைந்தது. பேச்சு வழக்கில் மருந்தாகவும் சட்ட வழக்கில் நஞ்சாகவும் நிற்கும் இப்பொருளை அரசு எவ்விடத்தில், யார் வழியாக, எவ்வளவு தூரம் பின்தொடர்ந்து சென்று பார்க்கலாம் என்பதே இங்கு ஆராயப்படும் வினா.

சட்டத்தின் தோற்றம்

1958-ஆம் ஆண்டில் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் உணவு நஞ்சாகி இறந்தனர். கப்பலில் வந்த கோதுமை மாவில் பாராத்தியான் என்னும் பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. அதன் வணிகப் பெயரான ‘பாலிடால்’ பிற்காலத்தில் தமிழ்நாட்டில் தற்கொலைச் செய்திகளோடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டது. இந்நிகழ்வை விசாரிக்க நீதிபதி ஜே. சி. ஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து எழுந்த விவாதங்களின் பயனாகவே 1968-இல் நாடாளுமன்றம் இச்சட்டத்தை இயற்றியது. 1971-இல் அது நடைமுறைக்கு வந்தது.

இத்தோற்றத்தைக் கருதாமல் சட்டத்தின் அமைப்பைப் புரிந்துகொள்ள இயலாது. 1958-இல் இறந்தோர் வயலில் வேலை செய்தோர் அல்லர், உணவு உண்டோர். தவறு நேர்ந்த இடமும் வயல் அன்று. உணவும் நஞ்சும் அருகருகே பயணம் செய்த சரக்குத் தளம். எனவே விதிகள் போக்குவரத்திலும் கிடங்கிலும் கூர்ந்த கவனம் செலுத்துகின்றன. உணவுப் பொருளையோ கால்நடைத் தீவனத்தையோ தொடும் வகையில் பூச்சிக்கொல்லியைக் கொண்டு செல்லவோ வைக்கவோ கூடாது என்பதும், கலன் சேதமுற்று உணவுப் பொருளுடன் கலந்துவிட்டால் தகுதியுடையோர் ஆராய்ந்து சான்றளிக்கும்வரை அவ்வுணவை விடுவிக்கக்கூடாது என்பதும் 1958-இன் நேரடித் தடயங்கள். கசிவு நேர்ந்தால் நஞ்சேறுவதையும் மண்ணும் நீரும் மாசுறுவதையும் தடுக்கும் பொறுப்பு சரக்கை ஏற்றியவர் அல்லது கிடங்கு உரிமையாளர் மீது சுமத்தப்பட்டுள்ளது.

ஆய்வாளர் யார், எங்கு நுழையலாம்

மைய அரசோ மாநில அரசோ அறிவிக்கை வழியாகப் பூச்சிக்கொல்லி ஆய்வாளர்களை நியமிக்கலாம் என்கிறது பிரிவு 20. பூச்சிக்கொல்லி உற்பத்தியிலோ இறக்குமதியிலோ விற்பனையிலோ பண நலன் உடைய எவரையும் அப்பணியில் அமர்த்தக்கூடாது. நடைமுறையில் மாநில வேளாண்மைத் துறையின் அலுவலர்களே ஆய்வாளர்களாக அறிவிக்கப்படுகின்றனர். விதை பரிந்துரைக்கவும், மானியத் திட்டங்களை நடத்தவும், பயிர்ச்சேதத்தைக் கணக்கிடவும் உழவரிடம் செல்லும் அதே அலுவலரே கடையில் சட்டத்தைச் செயற்படுத்தவும் செல்கிறார். விரிவாக்கப் பணியும் ஒழுங்குமுறைப் பணியும் ஒருவரிடமே சேர்ந்திருப்பது நிதிச் சிக்கனத்துக்கு உகந்ததாயிருக்கலாம். கண்டிப்புக்கு உகந்தது என்று சொல்வது கடினம்.

ஆய்வாளரின் அதிகாரங்களைப் பிரிவு 21 விரித்துரைக்கிறது. முதலாவது, நுழைந்து சோதனையிடும் அதிகாரம். இதற்கு இரு அடிப்படைகள் உண்டு. குற்றம் நிகழ்ந்துள்ளது, நிகழ்கிறது அல்லது நிகழவிருக்கிறது என்று நம்புவதற்குக் காரணம் இருத்தல் ஒன்று. சட்டமும் விதிகளும் பதிவுச் சான்று, உரிமம் ஆகியவற்றின் நிபந்தனைகளும் பின்பற்றப்படுகின்றனவா என்று தெரிந்துகொள்ள விரும்புதல் மற்றொன்று. இரண்டாவது அடிப்படை முதன்மையானது; ஐயம் ஏதும் இல்லாமலே, வழக்கமான மேற்பார்வையாக ஆய்வாளர் உள்ளே செல்லலாம் என்பது அதன் பொருள். நேரம் மட்டும் நியாயமானதாக இருக்க வேண்டும். சோதனைக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் விதிமுறைகள் இயன்றவரை பொருந்தும்.

பதிவேடுகளைக் கேட்டுப் பெறுதல், படியெடுத்தல், சான்றாகக்கூடியவற்றைக் கைப்பற்றுதல், வாகனத்தை நிறுத்துதல், மாதிரி எடுத்தல் ஆகியன ஏனைய அதிகாரங்கள். சட்டத்துக்கு மாறாக விற்கப்படும், பகிரப்படும் அல்லது பயன்படுத்தப்படும் பூச்சிக்கொல்லியைக் குறித்த காலத்துக்கு நிறுத்திவைக்கவும், சரிசெய்ய இயலாத குறையாயின் இருப்பைக் கைப்பற்றவும் நான்காம் கூறு வழிசெய்கிறது. கைப்பற்றியதும் நடுவருக்குத் தெரிவித்து அவருடைய ஆணையைப் பெறவேண்டும். குறை இல்லை என்று தெரிந்தால் உடனே ஆணையை விலக்கிக்கொள்ள வேண்டும். ஆய்வாளரின் பணிக்கு இடையூறு செய்வதும் தண்டனைக்குரிய குற்றமே.

இங்கு ‘வளாகம்’ என்னும் சொல்லுக்குச் சட்டம் தரும் பொருள் கவனிக்கத்தக்கது. பூச்சிக்கொல்லி விற்கப்படும், உற்பத்தி செய்யப்படும், சேமிக்கப்படும் அல்லது பயன்படுத்தப்படும் எந்த நிலமும், கடையும், இடமும் வளாகமே. அதை ஏற்றிச்செல்லும் வாகனமும் அதனுள் அடங்கும். ‘நிலம்’ என்ற சொல்லும் ‘பயன்படுத்தப்படும்’ என்ற சொல்லும் வரையறையிலேயே இடம்பெற்றுள்ளன. இப்பகுதியை மட்டும் படிப்பவர், ஆய்வாளர் வயலுக்குள்ளும் இறங்கலாம் என்றே முடிவு செய்வார்.

சேமிப்பு

கடையிலும் கிடங்கிலும் சேமிப்பு எவ்வாறு அமைய வேண்டும் என்பதை விதி 36 கூறுகிறது. பூச்சிக்கொல்லிப் பொதிகளைப் பிற பொருள்கள் வைக்கும் அறைகளிலிருந்து விலகிய தனி அறையில் வைக்க வேண்டும். அளவும் தன்மையும் இடந்தந்தால் பூட்டப்பட்ட தனி அலமாரியிலும் வைக்கலாம். அறை உறுதியாகவும் உலர்ந்தும், வெளிச்சமும் காற்றோட்டமும் உடையதாகவும், ஆவியால் மாசு படியாத அளவுக்கு இடவசதியுடனும் இருத்தல் வேண்டும். ஒரே கூரையின்கீழ் உரமும் விதையும் பூச்சிக்கொல்லியும் விற்கும் சிறிய கடைகளில் இவ்விதியே ஆய்வாளரின் முதல் பார்வைக்கு உரியது.

சேமிப்பு வெறும் உரிம நிபந்தனை அன்று என்பதைப் பிரிவு 30 உணர்த்துகிறது. தரமற்ற பொருளை விற்றதாகக் குற்றஞ்சாட்டப்படும் விற்பனையாளர், உரிமம் பெற்ற ஒருவரிடமிருந்தே அதை வாங்கியதாகவும், தக்க கவனம் செலுத்தியும் குறையை அறிய முடியவில்லை என்றும் மெய்ப்பித்துத் தப்பலாம். ஆனால் தன்னிடம் இருந்த காலத்தில் பொருள் முறையாகச் சேமிக்கப்பட்டு, வாங்கிய நிலையிலேயே இருந்தது என்பதையும் அவர் மெய்ப்பித்தாக வேண்டும். வெயில் படும் தகரக் கொட்டகையில் பெட்டிகளை அடுக்கியவர் இத்தற்காப்பை எளிதில் இழப்பார். ஆகவே சேமிப்பு அறையைப் பற்றி ஆய்வாளர் தம் ஆய்வுக் குறிப்பில் எழுதும் சில வரிகள், பின்னாளில் குற்றம் விற்பனையாளருடையதா உற்பத்தியாளருடையதா என்பதைத் தீர்மானிக்கக்கூடியவை. அவ்வரிகள் எழுதப்படாவிட்டால் வழக்கின் ஒரு கால் அன்றே முறிந்துவிடுகிறது.

மாதிரியும் காலமும்

ஆய்வாளரின் அதிகாரங்களுள் நீதிமன்றங்களில் மிகுதியாக உரசிப் பார்க்கப்பட்டது மாதிரி எடுக்கும் அதிகாரமே. பிரிவு 22 இதற்கான நடைமுறையை நுணுக்கமாக வகுக்கிறது. மாதிரிக்கு நியாயமான விலை தர முன்வர வேண்டும். எந்நோக்கத்துக்காக எடுக்கப்படுகிறது என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உரியவர் முன்னிலையில் மூன்று பங்காகப் பிரித்து முத்திரையிட்டு, அவரும் தம் முத்திரையை இட இடமளிக்க வேண்டும். சிறு கலன்களில் விற்கப்படும் பொருளாயின் மூன்று கலன்களையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு பங்கு எவரிடமிருந்து எடுக்கப்பட்டதோ அவருக்கு, ஒன்று பகுப்பாய்வாளருக்கு, மற்றொன்று வழக்குத் தொடரப்பட்டால் நீதிமன்றத்துக்கு.

பகுப்பாய்வாளர் தரும் அறிக்கை அதில் கூறப்பட்டவற்றுக்கு முடிவான சான்றாகும். ஆயின் குற்றஞ்சாட்டப்படுபவர் அறிக்கையைப் பெற்ற 28 நாள்களுக்குள் அதை மறுத்துச் சான்றளிக்க விரும்புவதாக எழுத்தில் தெரிவித்தால் அம்முடிவுத்தன்மை நீங்குகிறது. அந்நிலையில் நீதிமன்றத்திடம் உள்ள பங்கை ஃபரிதாபாத்தில் உள்ள மத்தியப் பூச்சிக்கொல்லி ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அவ்வாய்வகத்தின் அறிக்கையே இறுதியானது.

இந்நடைமுறை தாளில் செம்மையானது. ஆனால் பூச்சிக்கொல்லிக்குக் காலாவதி நாள் உண்டு. நீதிமன்ற நாட்குறிப்புக்கு அது தெரியாது. கடையில் மாதிரி எடுக்கப்படும்போதே பொருளின் ஆயுளில் ஒரு பகுதி கழிந்திருக்கும். ஆய்வறிக்கை, விளக்கம் கோரும் அறிவிப்பு, மறுமொழி, வழக்குத் தொடர இசைவு, குற்றமுறையீடு, அழைப்பாணை என்று ஒவ்வொரு படியும் சில வாரங்களையோ மாதங்களையோ உண்ணும். குற்றஞ்சாட்டப்பட்டவர் நீதிமன்றத்தில் முன்னிலையாகும் நாளில் மூன்றாம் பங்கு காலாவதியாகியிருந்தால், மறு ஆய்வு பொருளற்றதாகிவிடுகிறது. ஹரியாணா மாநிலம் எதிர் யுனீக் ஃபார்மெய்டு வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் இச்சூழலையே எதிர்கொண்டது. மறு ஆய்வு கோரும் உரிமை மதிப்புமிக்க உரிமை; காலத்தாழ்வால் அது பறிபோன பின் வழக்கை நடத்துவது முறையாகாது என்ற அடிப்படையில் குற்ற நடவடிக்கை நீக்கப்பட்டது செல்லும் என்றது. 2010-இல் நார்தன் மினரல், குப்தா கெமிக்கல்ஸ் ஆகிய வழக்குகளிலும் இதே நெறி உறுதிப்பட்டது.

இத்தீர்ப்புகளை விற்பனையாளர்க்கும் உற்பத்தியாளர்க்கும் சார்பானவை என்று மட்டும் படிப்பது பொருந்தாது. ஒருவரைச் சிறைக்கு அனுப்பக்கூடிய சான்றை அவர் சோதித்துப் பார்க்க இயலவேண்டும் என்பது குற்றவியல் நீதியின் அடிப்படை. குறை உள்ளது தீர்ப்பில் அன்று. இசைவு பெறும் வழியில். பிரிவு 31-இன்படி மாநில அரசோ அது அதிகாரமளித்தவரோ தாமே தொடுத்தாலன்றி, அல்லது எழுத்தில் இசைந்தாலன்றி, எவ்வழக்கும் எழாது. ஆய்வாளர் விரைந்து செயற்பட்டாலும் கோப்பு மேசை மேசையாக நகரும் காலம் அவர் கையில் இல்லை. தரமற்ற மருந்தை வாங்கிய உழவருக்கோ இவ்வழக்குகளில் தனியிடம் ஏதும் இல்லை. பயிரை இழந்தவர் இழப்பீட்டுக்காக நுகர்வோர் ஆணையத்தைத்தான் நாட வேண்டும்.

பிரிவு 38

இதுவரை கண்ட அதிகாரங்கள் அனைத்துக்கும் பிரிவு 38 ஓர் எல்லைக்கல் நடுகிறது. ஒருவர் தம் வீட்டுத் தேவைக்காகவோ, வீட்டுத் தோட்டத்துக்காகவோ, தம் சாகுபடியில் உள்ள எந்நிலத்துக்காகவோ பூச்சிக்கொல்லியைப் பயன்படுத்துவதற்கு இச்சட்டத்தின் எதுவும் பொருந்தாது என்பது அதன் சாரம். ‘இச்சட்டத்தின் எதுவும்’ என்ற தொடரின் வீச்சு பெரிது. முகப்புரையில் உள்ள ‘பயன்பாடு’, வளாகத்தின் வரையறையில் உள்ள ‘நிலம்’, பிரிவு 21-இல் உள்ள ‘பயன்படுத்துவதை நிறுத்தும்’ அதிகாரம் ஆகிய மூன்றும் வரப்பருகே வந்து நின்றுவிடுகின்றன. நாட்டில் பூச்சிக்கொல்லி பெருமளவு செலவாகும் இடமே வயல்தான் என்பதை எண்ணினால், விலக்கு எது, விதி எது என்ற ஐயம் எழுகிறது.

விலக்குக்கு நியாயம் இல்லாமல் இல்லை. கோடிக்கணக்கான சிறு உழவர்களின் நிலங்களில் அரசு அலுவலர் எந்நேரமும் நுழைந்து சோதனையிடுவது கையூட்டுக்கும் அச்சுறுத்தலுக்குமே வழிதிறக்கும் என்று கருதியிருக்கலாம். ஆனால் விலக்கு நிலத்தின் பரப்பையோ உடைமையாளரின் தன்மையையோ பார்ப்பதில்லை. 1897-ஆம் ஆண்டின் பொது வாசகச் சட்டத்தின்படி ‘நபர்’ என்னும் சொல் நிறுவனத்தையும் உள்ளடக்கும். ஆகவே அரை ஏக்கரில் கத்தரி பயிரிடுபவருக்கும் ஆயிரக்கணக்கான ஏக்கர் தோட்டத்தை நடத்தும் நிறுவனத்துக்கும் சொல்லளவில் ஒரே பாதுகாப்பு. கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்கள்மீது பல்லாண்டுகள் வானிலிருந்து எண்டோசல்பான் தெளிக்கப்பட்டது. வான்வழித் தெளிப்புக்கென விதி 43 தனியே முன்னெச்சரிக்கைகளை வகுத்துள்ளது. எனினும் தன் தோட்டத்தில் தெளிக்கும் நிறுவனத்துக்கு அவ்விதி பொருந்துமா, பிரிவு 38 பொருந்துமா என்பதற்குச் சட்டத்தில் தெளிவான விடை இல்லை. 2011-இல் எண்டோசல்பானுக்கு நாடு முழுமையும் தடை விதித்தது உச்ச நீதிமன்றத்தின் ஆணை. எந்த ஆய்வாளரின் நடவடிக்கையும் அன்று.

விலக்கின் கூர்மையான சிக்கல் கூலித் தொழிலாளரைப் பற்றியது. மகாராட்டிரத்தின் யவத்மாள் மாவட்டத்தில் 2017-ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களுள் 20-க்கும் மேற்பட்டோர் நஞ்சேறி இறந்தனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் சொந்த நிலத்தில் தெளித்தவர்களும் உண்டு. பிறர் நிலத்தில் நாட்கூலிக்குத் தெளித்தவர்களும் உண்டு. இரண்டாம் வகையினரின் செயல், ‘தம் சாகுபடியில் உள்ள நிலம்’ என்னும் விலக்குக்குள் அடங்குமா?

இதற்கு இரு விதமாகப் பொருள்கொள்ளலாம். கூலியாளின் கை நில உடைமையாளரின் கையே எனக் கொண்டால் விலக்கு பொருந்தும். ஆய்வாளருக்கு அங்கு வேலையில்லை. விலக்கைக் குறுக்கிப் படித்தால், தெளிப்பவருக்கு அந்நிலம் தம் சாகுபடி நிலம் அன்று. எனவே சட்டம் பொருந்தும், அதனுடன் பாதுகாப்பு உடை, சுவாசக் கவசம், முதலுதவி, மருத்துவப் பரிசோதனை பற்றிய விதிகளும் பொருந்தும். முகப்புரையின் நோக்கத்தோடு இரண்டாவது பொருளே இயைகிறது. ஆனால் அதிலும் ஒரு கண்ணி உண்டு. சட்டத்துக்கு மாறாகப் பூச்சிக்கொல்லியைப் ‘பயன்படுத்துபவர்’ அபராதத்துக்கு உரியவர் என்கிறது பிரிவு 29. வெறுங்காலோடும் வெறுங்கையோடும் தெளிக்கும் கூலியாள்தான் சொல்லளவில் ‘பயன்படுத்துபவர்’. பாதிக்கப்பட்டவரையே குற்றவாளியாக்கும் வாசிப்பு அது. பாதுகாப்பு உடை பற்றிய விதி 39-இன் சொல்லமைப்பும் இங்குத் துணைசெய்வதில்லை. உற்பத்தி முதல் தெளிப்பு வரை பூச்சிக்கொல்லியைக் கையாள்வோர் தக்க உடையால் பாதுகாக்கப்பட வேண்டும் என்கிறதே தவிர, யார் பாதுகாக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. செயப்பாட்டு வினை ஒன்று பொறுப்பை மறைத்து நிற்கிறது.

வீட்டுச் சேமிப்பும் இவ்வெல்லைக்கு அப்பாற்பட்டதே. 2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டம் கண்டாமன் சிற்றூரில் பள்ளி மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது தடயவியல் ஆய்வில் தெரியவந்தது. 1958-இல் கப்பலில் நேர்ந்ததே இங்குச் சமையற்கட்டில் நேர்ந்தது. உணவும் நஞ்சும் ஓரிடத்தில் சேர்ந்தன. கப்பலுக்கும் கிடங்குக்கும் கடைக்கும் விதி உண்டு. காலியான கலன்களை உடைத்துக் குடியிருப்புக்கு அப்பால் புதைக்க வேண்டும் என்று விதி 44 கூறினாலும், அக்கடமை உற்பத்தியாளர், கலவையாக்குநர், தெளிப்புத் தொழில் நடத்துவோர் ஆகியோர் மீதே சுமத்தப்பட்டுள்ளது. கழுவிய கலனில் மண்ணெண்ணெயோ சமையல் எண்ணெயோ ஊற்றிவைக்கும் வீட்டுக்கு எவ்விதியும் செல்வதில்லை.

நஞ்சேற்ற அறிக்கையும் குறுகிய காலத் தடையும்

வயலுக்குள் ஆய்வாளர் செல்ல இயலாதபோது, வயலில் நிகழ்வதை அரசு அறிய மற்றொரு வாயில் சட்டத்தில் உண்டு. பூச்சிக்கொல்லியைப் பயன்படுத்துவதாலோ கையாள்வதாலோ நேரும் நஞ்சேற்றம் தம் கவனத்துக்கு வரும்போதெல்லாம் குறிப்பிட்ட அலுவலருக்குத் தெரிவிக்குமாறு எந்த வகையினரையும் மாநில அரசு அறிவிக்கை வழியாகப் பணிக்கலாம் என்கிறது பிரிவு 26. மருத்துவர்களும் அவ்வாறு பணிக்கப்படலாம். ‘பணிக்கலாம்’ என்பது விருப்பத்துக்கு விடப்பட்ட சொல். ‘பணிக்க வேண்டும்’ என்றில்லை.

அவ்வறிக்கையின் பேரிலோ பிறவழியிலோ இடர் உண்டென்று கருதினால், மைய அரசோ மாநில அரசோ ஒரு பூச்சிக்கொல்லியின் விற்பனையையும் பயன்பாட்டையும் குறித்த பகுதியில் 60 நாள் வரை தடைசெய்யலாம். விசாரணை முடியாவிடில் மேலும் 30 நாள் வரை நீட்டிக்கலாம் என்கிறது பிரிவு 27. அதற்குமேல் நீடித்த தடைக்கு மைய அரசின் முடிவு தேவை. தற்கொலைத் தடுப்பை முன்னிட்டுத் தமிழ்நாடு அரசு மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட ஆறு பூச்சிக்கொல்லிகளுக்கு விதித்த தடை 60 நாள் தடையாகவே அமைந்ததற்குக் காரணம் இப்பிரிவின் எல்லைதான். யவத்மாள் நிகழ்வுக்குப் பின் மகாராட்டிர அரசும் சில மருந்துகளுக்குக் குறுகிய காலத் தடையே விதித்தது. தடை ஒரு பருவத்துக்குள் முடிந்துவிடுகிறது. அடுத்த பருவத்தில் அதே மருந்து அதே அலமாரிக்குத் திரும்புகிறது.

1968 சட்டத்துக்கு மாற்றாகப் பூச்சிக்கொல்லி மேலாண்மை மசோதா 2008-இலும் 2020-இலும் நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்டது. இம்மசோதாக்களைப் பற்றிய பொது விவாதம் பெரிதும் அபராதத் தொகையைச் சுற்றியும் பதிவுக் குழுவின் அமைப்பைச் சுற்றியுமே நிகழ்ந்தது. கூலிக்குத் தெளிப்பவருக்குக் கையுறையும் முகக்கவசமும் வாங்கித்தர வேண்டியவர் யார், அவர் வாங்கித்தந்தாரா என்று பார்க்க வரப்பைத் தாண்டி வரக்கூடியவர் யார் என்னும் இரு வினாக்களும் விதி 39 எழுதப்பட்ட நாளில் இருந்த இடத்திலேயே உள்ளன.